இயல்பு புணர்ச்சி

கோவ்வோலா ரயில் சந்திப்பு. ஜனவரி. இரவு இரண்டு மணி.
மைனஸ் இருபத்து மூன்று என்கிறது கம்பத்து வெப்பமானி.
இரண்டும் மூன்றும் தோளோடு தோள் நின்ற எண்.
ரைலி கையுறைக்குள் விரல்களை மடக்கிக்கொள்கிறாள்.
சரக்குப் பெட்டிகளைக் கோப்பது அவள் வேலை,
அவற்றின் கடைசி இலக்கங்களைக் கோப்பது
அவளுடைய கெட்ட பழக்கம்.

மூன்று, ஏழு: முப்பத்தேழு, பகாது.
திருப்பிப் பூட்டு: எழுபத்து மூன்று, அதுவும் பகாது.
பதினொன்றும் பதின்மூன்றும் அப்படியில்லை.
கொக்கி விழுந்த ஓசை அடங்குமுன்
ஏழின் உளி இறங்கிவிடுகிறது.

தோன்றல் இல்லை, திரிதல் இல்லை, கெடுதல் இல்லை.
நின்றது நின்றபடி,
வந்தது வந்தபடி.
ஒட்டியபின் என்ன ஆகும் என்று
இரண்டில் எதைக் கேட்டாலும் தெரியாது.

ஒருமுறை முதலிலிருந்தே தொடங்கிப் பார்த்தாள்.
இரண்டு, மூன்று, ஐந்து: உடைந்தது.
ஏழு வந்து காப்பாற்றியது.
பதினொன்று வந்து சேர்ந்ததும்
காப்பாற்றிய அதே ஏழு
காட்டிக்கொடுத்தது.

நோட்டின் பின்னட்டையில் நான்கு எண்கள், பென்சிலில்:
மூன்று, ஏழு, நூற்றொன்பது, அறுநூற்று எழுபத்து மூன்று.
எந்த இரண்டை எடு,
எதை முன்னே வை,
பன்னிரண்டு சேர்க்கையும் பகா எண்.
பக்கத்தில் பெயர்கள்: நான், ஓய்வா, ஹில்கா, தௌனோ.

ஓய்வாவும் ஹில்காவும் ஒரே படகில்
பகல் முழுக்கப் பேசாமல் மீன் பிடிப்பார்கள்.
தௌனோ இவளிடம் கத்துவான்,
கத்திவிட்டுக் காப்பி ஊற்றுவான்.

போன கோடையில் நால்வரும் ஒரே மேசையில்.
அம்மாவின் ஏரிக்கரை வீடு, அதன் பத்திரம்,
ஆறிப்போன சால்மன் சூப்.
பகு என்னும் வேரில் பங்கும் முளைக்கும்,
பகையும் முளைக்கும்.

அன்றிரவு சௌனாவின் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினாள்:
மூன்று கோடியே எழுபத்தோரு லட்சத்து
ஒன்பதாயிரத்து அறுநூற்று எழுபத்து மூன்று.
இலக்கங்களைக் கூட்டினாள். முப்பத்தாறு.
மூன்று நுழைந்துவிட்டது.
இருபத்து நான்கு விதமாக
மாற்றி மாற்றி உட்காரவைத்தாலும்
முப்பத்தாறு முப்பத்தாறுதான்.

மூன்று அவளுடைய எண்.

அப்படியானால் நான் எழுந்து போயிருந்தால்?
அடித்துவிட்டு மறுபடி கூட்டினாள்.
முப்பத்து மூன்று.
அவள் இல்லாத மேசையிலும் மூன்று
நாற்காலி இழுத்துப் போட்டுக்கொள்கிறது.
இதில் அவளுக்கு ஆறுதலா, கோபமா,
இன்றுவரை பிடிபடவில்லை.

வாக்கிடாக்கி கரகரக்கிறது: ஏழாம் தடத்தில் இரண்டு பெட்டி.
பனியை உதைத்தபடி நடக்கிறாள்.
ஒன்றின் வால் எண் இரட்டைப்படை; பார்க்கவே வேண்டாம்.
பூட்டுகிறாள், இழுத்துப் பார்க்கிறாள்,
பிடித்திருக்கிறது.

வரும் ஜூனில் அந்த வீட்டுக்கு
இருவர் இருவராகத்தான் கூப்பிட வேண்டும்.
படகிலும் இரண்டே பலகை.