உறவுமுறை

படிவத்தில் ஏழாவது கட்டம்:
நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?

ஆகஸ்டில் அவன்
பிரசவ வார்டு பசிலியாவுக்கு மைத்துனன்.
நவம்பரில்
லாரி மோதிய கொத்தனாருக்குச் சித்தப்பா மகன்.
பிப்ரவரி பதினேழு, திருவிழாவின் கடைசி நாள்,
பிசாசு முகமூடிகள் தெருவில் ஆடிக்கொண்டிருக்க
மாடியிலிருந்து விழுந்த எக்காளக்காரனுக்குக்
கூடப்பிறந்தவன்.
எக்காளக்காரனுக்கு வெளுத்த தோல், பூனைக்கண்.
நிமிர்ந்து பார்த்தேன்.
"அம்மா வேற," என்றான்.

ஓருரோ. கடலுக்கு மேலே மூவாயிரத்து எழுநூறு மீட்டர்.
இங்கே காற்று மெலிது, ரத்தம் கெட்டி.
செனோன் உவராச்சி வேலை பார்த்த
ஈயச் சுரங்கம் மூடிவிட்டது.
மிச்சமிருந்த ஒன்று
இடது முழங்கை மடிப்பில் இருந்தது.

விலை எனக்குத் தெரியும்.
அவனுக்கு இருநூறு, வாசல் காவலாளிக்கு இருபது.
சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சட்டம் சொல்கிறது:
ரத்தம் விற்பனைக்கல்ல.
அதன் கீழே பெஞ்சில் உட்கார்ந்துதான்
பேரம் படிந்தவர்கள் உறவு எழுதுவார்கள்.
நான் வாய் திறந்ததில்லை.
திறந்திருந்தால் பசிலியா?
அன்று குளிர்பெட்டியில் இரண்டே பை,
ஒன்று மறுநாளோடு காலாவதி.

தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
காமாலை வந்ததுண்டா, பச்சை குத்தினீர்களா,
பள்ளத்தாக்கில் மண் வீட்டில் உறங்கும்போது
வின்சூகா பூச்சி கடித்ததுண்டா,
யாரோடு படுத்தீர்கள், எத்தனை பேரோடு.
விற்க வந்தவன்
எல்லாவற்றுக்கும் இல்லை என்பான்.
ஒரே ஒரு ஆமாம்,
இருநூறு போய்விடும்.
சட்டம் எழுதியவர்
இந்த மேசையில் ஒரு நாளாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் ஒன்பது, காலை எட்டு மணி.
தனியாக வந்தான்.
கூட மருமகளில்லை, அழும் மாமியாரில்லை,
உள்ளங்கையில் கசங்கிய நோட்டில்லை.
சட்டை தேய்த்திருந்தது.
பிளாஸ்டிக் பையில் சூடாக ஆபி,
ஊதாச் சோளத்தில் காய்ச்சியது.
ஏழாவது கட்டம் காலி.

யாருக்கு?
"யாருக்காவது."
காவலாளி அனுப்பினாரா?
"இல்ல."
பிறகு பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான்:
"சந்தையில அந்த எக்காளக்காரனப் பாத்தேன்.
அண்ணேன்னு கூப்பிட்டான்.
அவன் பெண்டாட்டி காசு குடுத்தது
அவனுக்குத் தெரியாது போல."

நாட்களை எண்ணினேன்.
திரும்பவும் எண்ணினேன்.
ஐம்பத்தொன்று.
தொண்ணூறு வேண்டும்.

கீழிமையை இழுத்துப் பார்த்தேன்.
மாதுளை இருக்க வேண்டிய இடத்தில்
அவித்த உருளைக்கிழங்கு.
சாப்பிடுகிறாயா?
அப்படி ஒரு கேள்வி படிவத்தில் இல்லை.
அவனும் பதில் சொல்லவில்லை.

"காசு வாங்கிட்டு வந்திருந்தா எடுத்திருப்பீங்க."
அப்போதும் நாள் பார்த்திருப்பேன், என்றேன்.
அது நிஜம்தான்.
மூன்று பொய்யை மென்று விழுங்கிய வாயால் சொன்னதால்
நிஜம் போலக் கேட்கவில்லை.

என்னிடம் இருக்கும் ரப்பர் முத்திரை ஒன்றே ஒன்று:
தகுதியற்றவர்.
குத்தினேன்.
ஓரத்தில் பென்சிலால்,
மே பதினெட்டுக்குப் பிறகு வரவும்.
பென்சில் எழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

எழுந்தான். கதவருகே போய்த் திரும்பி வந்து
ஆபியை என் மேசைமேல் வைத்தான்.
ரத்தம் கொடுத்த பிறகு குடிக்கக் கொண்டுவந்ததாம்.

ஜன்னலுக்கு வெளியே காவலாளி
யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார்,
ஓ பாசிட்டிவில் அவசரமாக ஒரு மச்சான் வேண்டுமென்று.

பையின் முடிச்சை அவிழ்த்தேன்.
இன்னும் ஆவி.
கருஞ்சிவப்பு, லவங்க வாசனை.
யார் கொடுத்தது, என்ன உறவு,
எத்தனை நாளாயிற்று,
இதற்குப் படிவம் கிடையாது.

குடித்தேன்.