பன்னிரண்டு ஃப்ரேம்

வர்க்கி அடுப்புக்கு நேர் மேலே அறை.
கோத்தகிரியில் இரவு ஒன்றரைக்கு
அந்தச் சூடும் லேப்டாப் விசிறிக் காற்றும்தான் கணப்பு.
விரல்களை அதன் ஓரத்தில் காட்டிக் காட்டி
வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டு மூன்று நிமிடம் நாற்பது நொடி.
எடுத்து வந்திருப்பது ஆறு மணி நேரம்.
அதில் பாதி வெறும் மூடுபனி.

ஜெபமலர் வரியைத் தொடங்கும்போது வெயில்.
அதே வரியின் கடைசிச் சொல்லில்
அவளுக்குப் பின்னாலிருந்த மலையைக் காணோம்.
வெயிலைக் கொஞ்சம் அழுக்காக்கி
பனியில் கொஞ்சம் மஞ்சள் தடவி
ஒட்டிப் பார்க்கிறேன்.
உதடு இரண்டு ஃப்ரேம் முந்துகிறது.
நடுங்குகிற உதட்டுக்குத் தாளம் எங்கே தெரியும்.

டேக் ஒன்பது: காட்டெருமை. எல்லோரும் வேனுக்குள்.
டேக் பத்து: வேன் கண்ணாடி வழியாகக் காட்டெருமை.
டேக் பதினொன்றில் கேமராவை அணைக்க மறந்திருக்கிறோம்;
எஸ்ரா கிடார் உறையைத் தலையில் கவிழ்த்துத் தூங்குகிறான்.

பதினேழில்தான் அந்த அம்மா.
தலையில் இலை மூட்டை.
பாதையோரமாக வந்தவர் சட்டென்று நின்று
சரணம் முடியும்வரை நிற்கிறார்.
‘செமடா, ரசிக்கிறாங்க பாரு.
டிரம்ஸ் நிக்கிற இடத்துல வை.’
லிங்கேஷின் குரல் செய்தி.
வைத்தேன்.
அப்படியொரு பொருத்தம்.
பல்லவி திரும்பும் முன் இரண்டு நொடி அமைதி,
அதற்குள் ஒரு முகம்.

ஏனோ வெட்டின ஓரத்தை இடப்பக்கம் இழுத்தேன்.
பன்னிரண்டு ஃப்ரேம். அரை நொடி.
திரையின் விளிம்பில் ஒரு கை நீள்கிறது,
நில் என்று.
சிவப்புக் கம்பளிக் கையுறை,
ஆட்காட்டி விரலில் கிழிசல்.

மவுஸுக்குப் பக்கத்தில் கிடக்கிறது
அந்தக் கையுறை.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
பாடுகிறவள் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை.
ஃப்ரேமுக்கு வெளியே இருக்கிற
என் கையைப் பார்க்கிறார்,
எப்போது இறங்கும் என்று.
நாலு மணிக்கு எடை போடுவார்கள்.
அப்போது மூன்று ஐம்பத்திரண்டு; கோப்பிலேயே இருக்கிறது.
நின்றது நாற்பத்தோரு நொடி.

கீழே முதல் தட்டை இழுக்கிறார்கள்,
தகரம் கல்லில் உரசுகிறது.
அரை நொடியைத் திரும்பச் சேர்த்தேன்.
இப்போது முதலில் கை. பிறகு முகம்,
தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி.
லிங்கேஷ் காலையில் கேட்பான்,
ஏன்டா அங்க இடறுது.

ரெண்டர் அறுபத்தெட்டு சதவீதம்.
தகரக் கூரையில் மழை பிடிக்கிறது.
கரன்ட் போகுமுன் முடிந்துவிட வேண்டும்.