கூட ஒரு டி

ஐப்பசி மழையில் ஊறிப்போயிருந்தது
எங்கள் ஆலயத்துப் பியானோ.
நடுவிலிருக்கும் டி
அமுக்கினால் போகிறது, எழும்பி வரமாட்டேன் என்கிறது.
இந்தப் பக்கம் சி, அந்தப் பக்கம் இ,
இடையில் ஒரு பல் உள்ளே விழுந்த சிரிப்பு.

ரப்பர் ஷீட் கடையில் கணக்கு முடித்து
ஆசிட் வாடை போகாத விரல்களோடு
சனிக்கிழமை ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தேன்.
திங்களன்று ஷைனிக்குக் கல்யாணம்.
வாசலிலிருந்து பீடம்வரை அவள் நடக்கவேண்டியது
ஐம்பத்திரண்டு அடி. நான் அளந்தேன், செருப்பால்.
என் கையிலிருந்ததோ வெறும் சி மேஜர்.
சி, இ, ஜி.
முக்காலி. எங்கே போட்டாலும் ஆடாது.
ஆடாததே சலித்துவிட்டது.

ஒரு டி வேண்டும்போல் இருந்தது.
பக்கத்திலிருப்பது படுத்துவிட்டதால்
சுண்டுவிரலை நீட்டினேன்
மேல் சி-யையும் தாண்டி அடுத்த டி-க்கு.
எட்டவில்லை. என் கை சின்னது.
சரி, அடியை இடது கைக்குக் கொடுத்துவிடலாம்.
இடதில் சி, ஜி.
வலதில் இ, ஜி, அப்புறம் அந்த டி.
மெதுவாக, எல்லாம் ஒரே நேரத்தில்.

யாரோ ஜன்னல் திறந்தார்கள் என்று எழுதலாம்.
ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது,
களியக்காவிளை மீன்சந்தை மொத்தமும்
அதன் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது.
நான் கையை எடுக்காமல்
ஒலி தீர்கிறவரை இருந்தேன்.
பிறகு இன்னொரு தடவை.

ரெஜின் பாறசாலைக்காரன், பேஸ் கிட்டார்.
போனில் வாசித்துக் காட்டினேன்.
"அது ரண்டாமத்தெ அல்லே? பின்னெ எந்தினா ஒன்பது?"
எண்ணு, என்றேன். எட்டில் சி திரும்ப வருகிறது.
அதைத் தாண்டினால் ரெண்டுக்கு ஒன்பதென்று பேர்.
நீங்கள் வெள்ளம் குடிக்கிறீர்கள்.
சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம்
வெள்ளம் வந்தால் நாங்கள் பாயைச் சுருட்டுகிறோம்.
அவன் சிரிக்கவில்லை. ஏழு எங்கே என்றான்.

ஏழு இல்லை. அதுதான் விஷயம்.
பி ஃப்ளாட்டைச் சேர்த்துப் பார்,
அதற்கு உடனே அவசரம் வந்துவிடும்,
திருவனந்தபுரம் பஸ் மாதிரி
நின்ற இடத்தில் உறுமும், எஃப்-க்குப் போ, எஃப்-க்குப் போ என்று.
இது கூட வந்து உட்கார்ந்தது, அவ்வளவே.
இ-யை மட்டும் விட்டுவிடாதே,
விட்டால் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாது.

திங்கள்.
ஷைனி நடந்தாள். முப்பதாவது அடியில்
முன்னால் போன பூக்கூடைப் பிள்ளை
பாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.
எழும்பு என்றால் எழும்பவில்லை,
பூவை ஒவ்வொன்றாகத் திரும்பப் பொறுக்குகிறது.
அதன் அம்மை எங்கோ பின்வரிசையில்.
மணப்பெண் நிற்கிறாள், போதகர் நிற்கிறார்,
இருநூறு பேர் தொண்டையைச் செருமாமல் நிற்கிறார்கள்.

என் கை சி-யில் இருந்தது, மேலே டி.
பெடலை விட்டு மறுபடி மிதித்தேன்.
மறுபடி.
ரெஜின் என்னைப் பார்த்தான், நான் தலையாட்டவில்லை,
அவனும் சி-யிலேயே கிடந்தான்.
அந்த ஒலி யாரையும் தள்ளவில்லை.
ஏழு போட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

எத்தனை பூ என்று எண்ணவில்லை.
பிள்ளைதான் முதலில் எழும்பியது.

பந்தியில் செல்வின்ராஜ், பாடகர் குழுவில் டெனர்,
பப்படத்தைப் பொடித்துக்கொண்டே சொன்னான்:
"லீமா, நடுவில எங்கயோ ஒரு கட்ட
தப்பாட்டு விழுந்துது கேட்டியா?"
கேட்டேன், என்றேன். பாயசம் சூடாக இருந்தது.

இரவில் வீட்டுக் கீபோர்டில்
ஏ மைனருக்கும் ஒன்பதைக் கொடுத்துப் பார்த்தேன்.
அங்கே அது பி. சி-க்கு ஒட்டினாற்போல் வைத்தால்
இரண்டும் உரசுகின்றன,
ஒரே கட்டிலில் பேசாமல் படுத்திருக்கும் இருவர்போல.
சத்தத்தைக் குறைத்து
இன்னும் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்திருந்தேன்.