பழைய பாக்கி

வாழைக்காய்ப்பேட்டையில்
விடிவதற்கு முன்பே விலை விடிந்துவிடும்.
ராவுத்தர் மண்டியில் நான் கணக்கு.
தார் எண்ணி, எடை எழுதி, கமிஷன் கழித்து
பேனாவை மூடும்போது
விரலில் மையோடு கறையும் இருக்கும்.
மை போய்விடும்.

மாசியில் ஒருநாள்
மலையடிவாரத்து லோடு.
டிரைவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
"இந்தத் தோப்புலதாக்கா போன வாரம் விழுந்துச்சு.
வேலிக் கம்பியில நேர் கரண்ட்டு.
குட்டி ரெண்டு நாளு தாய் மேலயே சாஞ்சு நின்னுச்சாம்.
பால் குடிக்கப் பாத்துச்சாம்."
சொல்லிவிட்டு
வாடகை பாக்கியைக் கேட்டார்.

நான் எழுதினேன்:
கற்பூரவல்லி, நாற்பத்திரண்டு தார்.
நல்ல திரட்சி.
நாலாம் நாள் பழுத்து
தெப்பக்குளத்து வளைகாப்புக்குப் போனது,
கீழவாசல் ஜூஸ் கடைக்குப் போனது,
இரண்டு பழம் என் டிபன் டப்பாவுக்கு.
இனிப்பாகத்தான் இருந்தது.

குட்டியை முகாமில் சேர்த்த செய்தி
கொய்யா மடித்துவந்த பேப்பரில்.
மாதம் எண்ணூறு அனுப்பலாம் என்று
எண்ணெய் படாத மூலையில் ஓர் எண்.

வந்த சான்றிதழில்
'வளர்ப்புத் தாய்: ஜெசிந்தா, மதுரை' என்று
பூ வரைந்து அச்சடித்திருந்தார்கள்.
அந்த வார்த்தையை நான் கேட்கவில்லை.
சுவரில் மாட்டாமல்
பேரேட்டுக்குள் வைத்தேன்,
வராக்கடன் பக்கத்தில்.

என் சம்பளத்தில் நானே பிடித்து எழுதிய எண்ணூறில்
ராவுத்தர் விரல் நின்றது.
"இது என்னம்மா, தர்மமா?"
"இல்ல பாய்."
"நேர்ச்சை கீர்ச்சையா?"
"பழைய பாக்கி."
யாருக்கு என்று கேட்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அதுல கமிஷன் போட்டுறாத" என்றார்.

மாதாமாதம் ஒரு தாள் வரும்.
பெயர் இன்னும் வைக்கவில்லை,
பாகன்கள் பூசணி என்கிறார்களாம்.
இரண்டு மணிக்கொருதரம் பால்.
மாட்டுப்பால் ஆகாது, கழிச்சல்.
இரவில் பாகனின் காக்கிச்சட்டை நுனியைத்
தும்பிக்கையில் சுற்றிக்கொண்டுதான் தூக்கம்.

வந்து பார்க்கலாமா என்று எழுதினேன்.
வேண்டாம் என்று பதில்.
ஆட்களிடம் அதிகம் பழகக்கூடாது.
பயம் கொஞ்சம் மிச்சம் இருந்தால்தான்
காடு சேர்த்துக்கொள்ளும்.
சரிதான்.
என்னைக் கண்டால் ஓடுவதற்கு
அது கற்றுக்கொள்ளத்தான்
நான் பணம் கட்டுகிறேன்.

கல்யானை கரும்பு தின்றதென்று
கதை வைத்திருக்கிற ஊர் இது.
ஞாயிறு பூசைக்குப் போகிறவள்தான் நான்,
ஆனாலும் அந்தக் கதை எனக்கும் உண்டு.
சாயங்காலம் யானைக்கல்லில் பஸ்ஸுக்கு நிற்கும்போது
புகை குடித்து நிற்கும் கல்லைப் பார்க்கிறேன்.
கல்லுக்குப் பசிக்கும் என்று நினைத்தவர்கள்
கம்பிக்கு என்ன கதை சொல்லியிருப்பார்கள்?
பஸ் வந்துவிடுகிறது.

இந்த மாதத் தாளில்
எடை நூற்று எண்பத்தேழு கிலோ.
புல் பிடுங்கப் பழகுகிறது.
வாழைப்பழம் கொடுத்தார்கள்,
வாயில் வைத்துத் துப்பிவிட்டது.
காரணம் எழுதவில்லை.

லோடுமேன் ஒச்சப்பனுக்குப் படித்துக்காட்டினேன்.
"நூத்தி எம்பத்தேழுன்னா எம்புட்டு இருக்கும்?"
நான் கையை விரிப்பதற்குள்
தராசில் தார் அடுக்கத் தொடங்கினான்.
ஒன்பது. பத்து. பதினொன்றில்
முள் ஆடி நின்றது.
அவன் இடுப்பு உயரத்துக்கு ஒரு பச்சைக் குவியல்,
காம்புகள் நாலு பக்கமும் நீட்டிக்கொண்டு.
"இம்புட்டுத்தானா?" என்று
அதன் மேல் கையை வைத்தான்.
வைத்த கையை எடுக்கவில்லை.

மேலூர் வியாபாரி வந்து
மொத்தமாக விலை கேட்டார்.
ராவுத்தர் என்னைப் பார்த்தார்.
ஒச்சப்பனும்.

எழுதினேன்:
பதினோரு தார்.