காலி

ஹகோதாத்தேயில் ஒன்பது அறை விடுதி.
இரவுப் பணியில் மிச்சிரு.
மீன் ஏற்றிய குளிர்லாரியோடு
சப்போரோவுக்கும் அங்குமாக அலைபவன் கனாமே.
இருவருக்கும் நடுவில் பேச்சு வளரவில்லை,
இரண்டு சதுரங்கள் வளர்ந்தன.

🈵
சிவப்பு. உள்ளே ஒற்றை எழுத்து. நிறைந்துவிட்டது.
வராதே, லாரியிலேயே தூங்கு.

🈳
கத்தரிப்பூ நிறம். காலி.
வா, ஏதோ ஓர் அறை இருக்கிறது,
ஹீட்டர் போட்டு வைக்கிறேன்.

கைப்பேசியில் கொடிகளுக்குச் சற்று முன்னால்
அதிகம் யாரும் போகாத ஒரு சந்து.
கடைவாசல் பலகைகளெல்லாம்
நகத்தளவாகி அங்கே குடியிருக்கின்றன:
கட்டணமில்லை, கடை திறந்திருக்கிறது, தடை, ரகசியம்.
வாழ்த்துக்கும் ஒன்று உண்டு, வட்டமாக.
மிச்சிருவுக்கு இரண்டே போதும்.
ஒரு குளிர்காலத்தையே ஓட்டிவிட்டாள்.

பிப்ரவரி. பின்னிரவு இரண்டு மணி.
ஓஷமாம்பே தாண்டுகையில் வந்தது
கத்தரிப்பூச் சதுரம்.
பனிச்சாலையில் இரண்டு மணிநேரம் உருட்டி
வந்து சேர்ந்தால், வாசல் மாடத்தில்
நெருக்கியடித்துக்கொண்டு இருபது ஜோடி பூட்ஸ்.
ஏதோ பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்குக் குழு.

“காலி என்றாயே?”

“காலி என்றா சொன்னேன்?
நாலு நாள் பனி நின்று
வானம் வெளிவாங்கியிருந்தது.
அண்ணாந்து பார் என்று அனுப்பினேன்.”

எழுத்து ஒன்றுதான்.
வானத்துக்கும் வெறுமைக்கும் அங்கே ஒரே பலகை.
நம்மிடம் ‘வெளி’ இருக்கிறதே, அதுபோல.
வாடகை கேட்காத சொல்.

இருவரும் வாசலில் நின்று பார்த்தார்கள்.
அதற்குள் மறுபடி மேகம்.
ஒரு நட்சத்திரத்தைக்கூட அவளால் காட்ட முடியவில்லை.
கோபம் வந்தது, அவன்மேல்.
நூறு கிலோமீட்டர் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு
ஒருவனால் எப்படி வர முடியும்?
தன் நாற்காலியைக் கொடுத்தாள்.
வாய் திறந்தபடி தூங்கினான்.

அடுத்த இலையுதிர்காலத்தில் கல்யாணம்.
எப்போதோ வந்து தங்கிப்போன ரெனாத்தா
குரிச்சிபாவிலிருந்து வாழ்த்து அனுப்பினாள்.
சிவப்பாக, திருவிழாபோல் இருக்கிறதே என்று
அவளாகத் தேர்ந்தெடுத்தது:

🈹🈹🈹

தள்ளுபடி.
எழுத்தைத் தோண்டினால் பிளப்பது, உடைப்பது.
கல்யாணவீட்டில் வாயில் வரக்கூடாதது, மூன்று தரம்.
மிச்சிருவின் அம்மா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.
கனாமே மட்டும் விரல்விட்டு எண்ணினான்.
கணக்கில் அந்த எழுத்துக்குப் பத்தில் ஒரு பங்கு.
“முப்பது சதவீதம் குறைத்தா
என்னைக் கட்டிக்கொடுக்கிறீர்கள்?”
அம்மா சிரிக்கவில்லை.
அப்புறம், சமையலறைக்குள் போய், சிரித்தார்.

இன்னும் லாரிதான். இன்னும் இரவுதான்.
சதுரம் வந்தால்
எதைச் சொல்கிறாய் என்று அவன் கேட்பதில்லை.
ஓரங்கட்டுகிறான், எஞ்சினை அணைக்காமல் இறங்குகிறான்,
கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிறான்.
நட்சத்திரம் இருந்தால் வானம்.
மூடியிருந்தால்
வீட்டில் ஹீட்டர் எரிகிறது.