ஆறு மில்லிமீற்றர்

வாயைத் திறந்து வைத்திருப்பவனால் பொய் சொல்ல முடியாது.

வினிபெக், செல்கர்க் அவென்யூ,
பேக்கரிக்கு மேலே பல் வைத்தியம்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மரிசெல் மெல்லிய கோலால் ஈறை அளந்து
எண்களாகச் சொல்லிக்கொண்டு போனாள்:
மூன்று, இரண்டு, மூன்று,
நான்கு, ஐந்து,
சற்று நிறுத்தி, ஆறு.
அன்று ஆள் குறைவு. டொக்டர் ஒக்ஸானாவே கணினியில் தட்டினார்.
ஆறு வரும்போதெல்லாம்
கொஞ்சம் பலமாகத் தட்டியதுபோல் இருந்தது.

பஸ் டிப்போவில் எனக்குப் புதினா ஸ்ப்ரே.
வீட்டு வாசலில் எலுமிச்சை மிட்டாய்.
விசாலியிடம், "நிப்பாட்டி ரெண்டு வருஷம்."
சாரதி இருக்கையைச் சுற்றி எதற்கும் ஒரு மறைவிடம் உண்டு.
இந்த நாற்காலியில் இல்லை.
விளக்கு நேரே அண்ணத்தில் விழுந்தது.

"மிஸ்டர் பாதம்."
படிவத்தில் எங்கோ சிவத்தைத் தொலைத்துவிட்டார்கள்.
பல் காட்டப் போய்ப் பாதமாகக் கிடந்தவன்
இந்த ஊரில் நான் ஒருவன்தான்.
"காலையில் எழும்பி எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட்?"

பிடிப்பீர்களா என்று கேட்கவில்லை.
கறுத்த நுரையீரல் படம் எதையும் நீட்டவில்லை.
அதற்கென்று ஒரு பதிலை ஆயத்தமாய் வைத்திருந்தேன்,
வீணாய்ப் போயிற்று.
உறிஞ்சு குழாய் நாக்கில் கிடக்க
ஐந்து விரலை விரித்துக் காட்டினேன்.
தலையாட்டினார்,
வழி கேட்கும் பயணிக்கு நான் ஆட்டுவதுபோல.

தோளில் ஒட்ட ஒரு பட்டி, மெல்ல ஒரு பசை.
அடுத்த தவணை அட்டையின் பின்பக்கத்தில்
"ஒரு நாளை நீங்களே எழுதுங்கள்" என்றார்.
மாசி பதினேழு, செவ்வாய்.
நீண்ட விடுமுறைக்கு மறுநாள்.
எழுதியது என் கையெழுத்து,
அதனால்தான் கிழித்தெறிய முடியவில்லை.

கடைசித் தரிப்பிடத்தில் ஏழு நிமிஷம் நிற்கவேண்டும்.
ஏழு நிமிஷம் இவ்வளவு நீளம் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
கை சட்டைப்பைக்குள் போகும், அட்டையோடு வரும்.
நான்காம் நாள் டெஸ்மண்டிடம் ஒன்று வாங்கினேன்.
பாதி.
மீதிப் பாதியைப் பனிக்குள் குத்தினேன்.
டொக்டருக்குப் போனில் சொன்னபோது
"சரி, ஐந்தாம் நாள் எப்படி?" என்றார்.

ஒன்பதாம் நாள் பல் துலக்கினேன்.
தொட்டியெல்லாம் ரத்தம்.
இருபத்தாறு வருஷம் புகைத்தும் ஒரு சொட்டுக் கசியாத வாய்,
விட்டதற்கா இந்தத் தண்டனை?

"நல்ல சேதி, மிஸ்டர் பாதம்.
புகை உங்கள் ஈறின் ரத்தக்குழாய்களை
இறுக்கிப் பிடித்திருந்தது, நோயை மறைத்தபடி.
இப்போது ரத்தம் திரும்பி வருகிறது.
மெதுவாகத் துலக்குங்கள். வெள்ளி வாருங்கள், பார்ப்போம்."

போனை வைத்துத் திரும்பினால்
குளியலறை வாசலில் விசாலி.
"என்ன ரத்தம்?"
வாய் நிறைய நுரை. திறந்துதான் இருந்தது.
"விட்டு இண்டைக்கு ஒன்பது நாள்," என்றேன்.

ரெண்டு வருஷத்தில் ஒன்பது நாளைக் கழித்துப் பார்ப்பாள்
என்று நின்றேன்.
துவாயை எடுத்து நீட்டினாள்.
"எலுமிச்சை மிட்டாய் முடிஞ்சுது," என்றாள்,
"இனியும் வாங்கி வைக்கவோ?"