முப்பது வருடக் கூரை

டுலூத்தில் நவம்பர். ஏரி கறுத்துக் கிடக்கிறது.
மேசைமேல் ஆலோசகர் அனுப்பிய படிவம்:
சந்தை முப்பது சதவீதம் விழுந்தால்
நீங்கள் என்ன செய்வீர்கள்?
விற்பேன். காத்திருப்பேன். இன்னும் வாங்குவேன்.

வெர்னா ஸ்டென்ரூட் பேனா மூடியைக் கடிக்கிறாள்.
இருபத்தாறு பனிக்காலம்
இந்த மேட்டுச் சாலையில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
சறுக்கும்போது பிரேக்கை மிதிக்கக் கூடாதென்று
காலுக்குத் தெரியும்.
ஆனால் அது சம்பளம் வந்த காலத்துக் கால்.

ஹாரல்டு கடைசிவரை வங்கி வைப்புதான்.
ஒரு காசு தொலைத்ததில்லை.
காசு அப்படியே இருந்தது,
அது வாங்கி வந்த ரொட்டிதான் இளைத்துக்கொண்டே போனது.
அறுபத்தெட்டில் கண்ணை மூடினான்,
அவனுக்குக் கணக்கு சரியாய்ப் போயிற்று.
அவளுடைய அம்மாவோ தொண்ணூற்றேழு.

கூரையிலிருந்து இறங்கிய ஆள்
கையுறையைத் தட்டிக்கொண்டே கேட்டான்:
"பதினைந்து வருடம் தாங்கும் தகடா, முப்பதா?"
அவளுக்கு எழுபத்தொன்று.
அவன் அவள் முகத்தைப் பார்க்காமல்
ஏணியைப் பார்த்தான்.

"முப்பது."
சொன்ன பிறகுதான் பயந்தாள்.

அன்றிரவு
இரண்டு வருடத்து எரியெண்ணெய், மளிகை, மாத்திரை,
பூனைக்கான ஊசி
எல்லாம் கூட்டி ஒதுக்கினாள்,
சந்தையின் கை எட்டாத இடத்தில்.
மீதியில் பாதியை
விழுந்தால் விழட்டும், எழட்டும் என விட்டாள்.
ஏன் பாதி என்று கேட்டால் பதில் இல்லை.

'காத்திருப்பேன்' என்பதில் குறியிட்டு
ஓரத்தில் பொடி எழுத்தில் சேர்த்தாள்:
முதல் இரவு மட்டும் தூங்கமாட்டேன்.